வீட்டு வாய் செல்லாது

பிப்ரவரி 6
அலுவலகம், மதிய இடைவேளை

கிரேன்காரருக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நானாக நம்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. போன மாதம் உங்களிடமிருந்து வந்த கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: "நலம். வேலை அதிகம். குளிர் இல்லை." இதற்கு ஒரு உறை, ஒரு தபால்தலை, ஒரு தபால்காரர் மாடிப்படி ஏறி வந்த சிரமம். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வருகிறது, அதனால் ஒரு வருடத்துக்குக் கடிதம் மட்டும் என்று முடிவு செய்தது நீங்கள். அந்த வருடம் முடிந்ததும், வக்கீல் எழுதிக் கொடுத்த தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவதா, இல்லை நீங்கள் பழைய துறைமுகத்துக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவதா என்று பார்க்கலாம் என்றதும் நீங்கள். சரி என்று தலையாட்டியது மட்டும்தான் நான். ஜூன் மாதத்தோடு வருடம் முடிகிறது. ஞாபகப்படுத்தவில்லை, சும்மா சொன்னேன்.

வீட்டு விஷயம். சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. யாரும் சரி செய்யவில்லை, அதுவாக நின்றது. மாடிவீட்டுக்காரர் படியில் பார்க்கும்போதெல்லாம், "உங்க வீட்டுக்காரர் எப்பம்மா வர்றார்?" என்று கேட்கிறார். "கப்பல் வரத்து குறைஞ்சதும் வருவார்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். துறைமுகத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

அலுவலக விஷயம். அகராதியில் ‘பி’ முடிந்துவிட்டது. ‘பிரிவு’ என்ற சொல்லை என் மேசைக்கு வரவிடாமல் எதிர்மேசைக்காரி தானே எடுத்துக்கொண்டாள். நல்ல மனசுதான். ஆனால் அதை எல்லோரும் பார்க்கும்படி எடுத்துக்கொண்டதுதான் கொஞ்சம் ஜாஸ்தி. இப்போது ‘பு’ நடக்கிறது. எனக்கு விழுந்தது ‘புலம்பு’.

சிரிக்க வேண்டாம். நம் வீட்டில் அந்தச் சொல்லை அதிகம் செலவழித்தவர் யார் என்று உங்களுக்கே தெரியும்.

இன்றைக்கு அதற்கு என்ன பொருள் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குறையைத் திரும்பத் திரும்பச் சொல்லி அடுத்தவர் காதைத் தேய்ப்பது. அதற்கு முன்னால் வாய்விட்டு அழுவது. அதற்கும் முன்னால், பழைய அகராதிகளில், தனிமை என்று ஒரு பொருள் இருக்கிறது. வெறும் தனிமை. வாயைத் திறக்க வேண்டியதே இல்லை.

பிரச்சினை அந்தத் தனிமையில்தான். ஒரு பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று காட்ட, இன்று உயிரோடு இருக்கும் ஒருவர் அந்தப் பொருளில் பேசிய அல்லது எழுதிய ஒரு வாக்கியம் வேண்டும். அதைச் சீட்டில் எழுதி, சொன்னவர் என்ன தொழில், சீட்டு எழுதுகிறவருக்கு என்ன உறவு என்று கட்டங்களை நிரப்ப வேண்டும். வாக்கியம் கிடைக்காத பொருளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கத்திப் படம் போட்டுவிடுவார்கள். வழக்கொழிந்தது என்று அர்த்தம். பஸ்ஸில், காய்கறிக் கடையில், பல் டாக்டர் வீட்டு வாசலில் என்று போகிற இடமெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எல்லோரும் புலம்புகிறார்கள், ஆனால் யாரும் அந்தப் பொருளில் புலம்பவில்லை. ‘பு’ வரையுள்ள தொகுதி மே மாதம் அச்சுக்குப் போகிறது. கத்தி தயாராக இருக்கிறது.

உறவு எதற்கு என்று கேட்பீர்கள். எனக்கு முன்னால் இங்கே வேலை பார்த்த ஒருவர், தன் மாமனாரை நாற்காலியில் உட்கார வைத்து, மாப்பிள்ளைக்காக அவர் என்ன சொல்லச் சொன்னாலும் சொல்வார் என்பதால், செத்துப்போன சொற்களையெல்லாம் அவர் வாயில் போட்டு வரவழைத்திருக்கிறார். பிறகுதான் வெளியே தெரிந்தது. அன்றிலிருந்து இங்கே ஒரே சட்டம்: வீட்டு வாய் செல்லாது. உங்கள் வாயெல்லாம் எனக்குப் பிரயோஜனமில்லை.

ஒரு உதவி. ஒரு பக்கம் அச்சடித்து வீணாகும் தாள் உங்கள் துறைமுகத்தில் இருந்தால் அனுப்புங்கள். எங்கள் அலுவலகத்தில் மறுபக்கம் வெறுமையாக உள்ள எந்தத் தாள் கையில் கிடைத்தாலும் எட்டாக வெட்டிச் சீட்டாக்கிவிடுவோம். கல்யாணப் பத்திரிகையைக்கூட விடுவதில்லை. இப்போது தட்டுப்பாடு.

இப்படிக்கு,
அகராதி
(நீங்கள் வைத்த பெயர்தான். அகராதி பிடித்தவள் என்று திட்டுவதற்காக வைத்தது. எனக்குப் பிடித்துப்போனது உங்கள் துரதிர்ஷ்டம்.)


பிப்ரவரி 19
கேபினில், காற்று அடங்கும்வரை

அன்புள்ள அகராதிக்கு,

இங்கே காற்று வேகமெடுத்தால் மணி அடிக்கும். கிரேனை நிறுத்திப் பூட்டிவிட்டு, கேபினிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். இறங்கவும் விடமாட்டார்கள். அதனால் இந்தக் கடிதம் நீளமாக இருக்கும். தபால்காரரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிடு.

குழாய் தானாக நிற்காது. வாஷர் ஊறிப்போய் அடைத்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு கொட்டும். பிளம்பரைக் கூப்பிடு. நின்றுவிட்டதே என்று சந்தோஷப்படுவது உனக்கு வழக்கம்.

உன் சொல்லைப் பற்றிப் படித்தேன். ‘புலம்பாதே’ என்று நான் நிறையத் தடவை சொன்னேன். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீயும் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள். அந்தக் கடைசிச் சண்டையில், "உன்கிட்ட எதுவும் மசியாது" என்று நான் கத்தியபோது நீ அழவில்லை, திருப்பிக் கத்தவும் இல்லை. கையை நீட்டி மேசையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தாய். "மசியாதுன்னா இந்த இடத்துல என்ன அர்த்தம்? வேகாதுன்னா, இணங்காதுன்னா?" என்று கேட்டாய். பேனா மூடியைப் பல்லால் கழற்றிக்கொண்டே கேட்டாய். நான் மாற்றல் விண்ணப்பம் எழுதியது மறுநாள் காலையில். வக்கீலிடம் இந்தக் காரணத்தைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார்.

போகட்டும். நான் இருக்கும் அறையைப் பற்றி நீ கேட்கவே இல்லை. துறைமுகத்துக்கு வெளியே, இரும்புக் கடைக்கு மேல்மாடி. ஒரு ஜன்னல். கட்டிலில் உட்கார்ந்தபடியே கதவைத் திறக்கலாம், விளக்கைப் போடலாம், தண்ணீர் குடிக்கலாம். பகலெல்லாம் கீழே தகடு வெட்டுகிறார்கள். அந்தச் சத்தம்கூடப் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை கடை மூடிவிட்டால்தான் தொல்லை. மேலே கேபினில் தனியாக உட்கார்வது சம்பளத்துக்கு, அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. காலுக்குக் கீழே கண்ணாடி, அதற்குக் கீழே கப்பல், ரேடியோவில் ஏத்து, இறக்கு, நில்லு என்று மூன்று சொல். அது பழகிவிட்டது. ஆனால் ஷிஃப்ட் முடிந்து வந்து கதவைத் திறக்கிறேன், நீ இல்லாத அறை புலம்பிக் கிடக்கிறது. செருப்பைக்கூடச் சத்தமில்லாமல்தான் கழற்றுகிறேன். ஏன் என்று கேட்காதே.

பழைய ஷிஃப்ட் அட்டவணைத் தாள்களை ஒரு கட்டாகக் கட்டித் தனியாக அனுப்பியிருக்கிறேன். எல்லாம் ஒரு பக்கம்தான் அச்சு. சீட்டாக வெட்டிக்கொள்.

மணி நின்றுவிட்டது. கீழே சிக்னல்காரன் கையாட்டுகிறான்.

கிரேன்


மார்ச் 2
அலுவலகம், காலை

அன்புள்ள கிரேனுக்கு,

அவசரம். பிளம்பர் வந்து போனார். நீங்கள் சொன்னதுதான், வாஷர். தாள் கட்டும் வந்தது. அதையெல்லாம் விடுங்கள்.

உங்கள் கடிதத்தில், அறையைப் பற்றிச் சொல்லும் இடத்தில், ‘நீ இல்லாத அறை புலம்பிக் கிடக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து யோசித்துப் பதில் எழுதுங்கள். அறை அழுகிறது என்று சொல்ல வந்தீர்களா? அழகுக்காக அப்படி எழுதினீர்களா? எனக்குத் தெரிந்து நீங்கள் அழகுக்காக எதையும் எழுதியவர் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு எழுதிய கடிதங்களிலேயே கிரேன் எத்தனை டன் தூக்கும் என்பதுதான் இருந்தது. அல்லது, ஆள் இல்லாமல், துணை இல்லாமல் கிடக்கிறது என்பது மட்டும்தான் அர்த்தமா? அப்படியென்றால் அதை எங்கே கற்றுக்கொண்டீர்கள்? வேறு யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் முந்தின கடிதத்தில் எழுதியதைப் படித்த பாதிப்பில் வந்ததா? பாதிப்பில் வந்ததென்றால் பயனில்லை.

இவ்வளவு வருடம் உங்களோடு ஒரே வீட்டில் இருந்தும் இதை உங்கள் வாயில் ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. எதிர்மேசைக்காரியிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு படித்தாள். "இந்த ஆளை வீட்டுல வெச்சுக்கிட்டா ஊரெல்லாம் தேடுனீங்க?" என்றாள். இப்போது வீட்டில் இல்லையே என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

பதிப்பாசிரியரிடம் இன்னும் காட்டவில்லை. உங்கள் பதில் வந்த பிறகுதான் காட்ட முடியும். திரும்பும் தபாலிலேயே எழுதவும்.

அகராதி


மார்ச் 11
அறையில், ஞாயிற்றுக்கிழமை

அகராதிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை, எங்காவது ஒரு ஓரத்தில் ‘சாப்பிடுகிறீர்களா’ என்று இருக்கிறதா என்று தேடினேன். இரண்டாம் தடவை, செருப்பை ஏன் சத்தமில்லாமல் கழற்றுகிறீர்கள் என்றாவது கேட்டிருக்கிறாயா என்று தேடினேன். கேட்காதே என்று எழுதியது நான்தான். கேட்காதே என்று ஒருவன் எழுதினால் கேட்க வேண்டும் என்று அர்த்தம். அது உங்கள் அகராதியில் இன்னும் ஏறவில்லை போலிருக்கிறது.

நான் சொன்னது விஷயம். நீ எடுத்தது சொல். எப்போதும் போல.

சரி, கேட்டதற்குப் பதில். அறை அழவில்லை. அழகுக்காக எழுதவில்லை. உன் பாதிப்பும் இல்லை. உன்னுடைய புலம்பு வேறு, இது வேறு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், இரண்டும் ஒன்று என்பதே நீ சொல்லித்தான் தெரிகிறது. இது எங்கள் அம்மாவின் பேச்சு. வந்த விருந்தாளிகள் கிளம்பிப் போனதும், அவர்கள் படுத்திருந்த பாயைச் சுருட்டிக்கொண்டே, "வீடு புலம்பிப் போச்சு" என்பாள். ஆள் குறைந்துவிட்டது என்று அர்த்தம், அவ்வளவுதான். வாசலில் ஒரு கால் செருப்பு மட்டும் கிடந்தால், "ஒத்தச் செருப்பு புலம்பிக் கிடக்குது பாரு, ஜோடி எங்க?" என்பாள். செருப்பு அழுமா? கொடியில் ஒற்றைச் சட்டை காய்ந்தாலும் அதே பேச்சு. ஒற்றை டம்ளர் கழுவாமல் கிடந்தாலும் அதே பேச்சு. அவள் போன பிறகு வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய நிலைமை வரவில்லை. நீ வீட்டில் இருந்தாய்.

உன் சீட்டு இப்போது நிறைந்திருக்கும். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது, நீயே எழுதியதுதான். வீட்டு வாய் செல்லாது. அதற்கும் வழி இருக்கிறது. ஜூன் மாதம் வக்கீல் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் நான் வெளி வாய். தாராளமாகச் செல்லும். உனக்கு மே மாதமே அச்சு என்றால், கொஞ்சம் முன்னாலேயே போட்டுவிட்டால் போயிற்று. வக்கீலுக்கு என்ன, எப்போது போட்டாலும் மை ஒன்றுதான்.

கோபத்தில் எழுதவில்லை. கோபம் வந்தால் என் எழுத்து பெரிதாகிவிடும் என்று உனக்குத் தெரியும். பார், சின்னதாகத்தான் இருக்கிறது.

கிரேன்


ஏப்ரல் 3
வீடு

அன்புள்ளவருக்கு,

எழுத்து பெரிதாகத்தான் இருந்தது. கடைசிப் பத்தியில் ஒரு வரிக்கு நாலு சொல்கூடப் பிடிக்கவில்லை.

சாப்பிடுகிறீர்களா? முதலில் இதைக் கேட்டுவிடுகிறேன். பிறகு சண்டை போடலாம்.

உங்கள் அம்மாவின் ஒற்றைச் செருப்பை, அதாவது அத்தையின் வாக்கியத்தை, உங்கள் வாக்கியத்தோடு சேர்த்து எழுதிப் பதிப்பாசிரியர் மேசையில் வைத்தேன். அவர் என் இடத்துக்கே எழுந்து வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படித்தார். அவர் யாரையும் வாயால் பாராட்டுவதில்லை, ரொம்பப் பிடித்துப்போனால் மேசையை ஒரு தட்டுத் தட்டுவார். தட்டினார். பிறகு சீட்டில் உறவு என்ற கட்டத்தைப் பார்த்தார். காலியாக இருந்தது.

"இவர் உங்களுக்கு யாரும்மா?"

"கிரேன் ஓட்டுறவர் சார்."

"தொழில் கேக்கல. உறவு கேட்டேன்."

அவருக்குத் தெரியும். அலுவலகத்தில் யாருக்குத்தான் தெரியாது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் இதுல தலையிட மாட்டேன். நீங்க என்ன எழுதறீங்களோ அதை அப்படியே ஒத்துக்கறேன். வெளி ஆள்னா பொருள் நிக்கும். வீட்டுக்காரர்னா கத்தி. மே பத்தாம் தேதிக்குள்ள எழுதிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நாற்காலியைத் திருப்பி வைக்க மறந்துவிட்டார். அன்று முழுக்க என் மேசைக்கு எதிரே அந்தக் காலி நாற்காலி இருந்தது.

விஷயத்தைச் சொன்னேன், சொல்லை எடுத்தாய் என்று எழுதியிருக்கிறீர்கள். என் பக்கத்தையும் கேளுங்கள். நீங்கள் மாலை ஷிஃப்ட் எடுத்துக்கொண்ட அந்த இரண்டு வருடம், அலுவலகம் விட்டு வந்து, விளக்கைப் போட்டதும் கை தன் போக்கில் இரண்டு தட்டை எடுக்கும். ஒன்றைத் திருப்பி வைப்பேன். டிவியை அணைத்தால் காது அடைக்கும், போட்டால் எரிச்சலாக வரும். நீங்கள் வந்ததும் இதைத்தான் சொல்ல ஆரம்பிப்பேன். வேறு யாரிடம் சொல்வது? நீங்கள் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "வந்ததும் வராததுமா புலம்பாத" என்பீர்கள். நான் தனியாக இருந்தேன் என்றுதான் சொன்னேன். உங்கள் காதில் விழுந்தது புலம்பல். அதற்குப் பிறகுதான் உங்களிடம் விஷயத்தைப் பேசுவதைக் குறைத்துக்கொண்டு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டேன். சொல் என்னைத் திருப்பி அனுப்பவில்லை.

இந்தச் சொல் எப்படி இடம் மாறியது என்று சீட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தோன்றியதை அகராதியில் போட முடியாது, உங்களுக்கு எழுதுகிறேன். முதலில் ஒருவர் தனியாக இருந்தார். சொல்லுக்கு அவ்வளவுதான் பொருள். பிறகு அவர் வாய்விட்டு அழுதார். அழுகைதான் வெளியே கேட்டது, அதனால் சொல் அழுகையின் பக்கம் சாய்ந்துவிட்டது. பிறகு அவர் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார், கேட்டவர்களுக்கு அலுத்துப்போனது. கடைசியில் சொல்லில் மிஞ்சியது கேட்டவர்களின் அலுப்பு மட்டும். தனியாக இருந்தவரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். உலகத்தில் இதற்கு எத்தனையோ நூறு வருடம் ஆகியிருக்கும். நம் வீட்டில் இரண்டு வருடத்தில் முடித்துவிட்டோம்.

உங்கள் பழைய மழைக்கோட்டு கதவுக்குப் பின்னால் இன்னும் தொங்குகிறது. போன வாரம் மழை பெய்தபோது அதை எடுத்து உதறிவிட்டு, போட்டுக்கொள்ளாமல் மறுபடி மாட்டினேன். அத்தை பார்த்திருந்தால் அந்தக் கோட்டை என்ன சொல்லியிருப்பார்கள் என்று இப்போது தெரிகிறது.

நீங்களே சொல்லுங்கள். அந்தக் கட்டத்தில் நான் என்ன எழுதட்டும்?

அகராதி


ஏப்ரல் 23
கேபினில்

அன்புள்ள அகராதிக்கு,

சாப்பிடுகிறேன். இரும்புக் கடைக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. பரிமாறுகிறவர் என்னைப் பார்த்ததும் கேட்காமலே சுவரோர மேசையில் ஒரு இலை போடுகிறார். எதிரே யாரும் உட்காரக்கூடாது என்பதற்காக நான் அங்கே உட்காருகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். நீ இரண்டு தட்டை எடுத்து ஒன்றைத் திருப்பி வைத்தது எனக்குத் தெரியாது. நீ சொல்லியிருப்பாய். நான் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்திருப்பேன்.

ஒன்று சொல்கிறேன். போன வாரம் காற்று மணி அடித்து வேலை நின்றிருந்தபோது, கீழே இருக்கும் சிக்னல்காரன் ரேடியோவில் அவன் வீட்டுக் கதையை ஆரம்பித்தான். மனைவி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளாம், ஏத்து இறக்கு தவிர ஒரு நாளில் வேறு எதுவும் பேசுவதே இல்லையாம். வேலை நேரத்தில் ரேடியோவில் இதெல்லாம் பேசக் கூடாது. "புலம்பாதப்பா, லைனை விடு" என்று சொல்ல வாயெடுத்தேன். வாய் வரவில்லை. "சொல்லு" என்றேன். "நிஜமாவா?" என்றான். நான் கேட்பேன் என்று எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. பிறகு காற்று அடங்கும்வரை பேசினான். எல்லாவற்றையும் கேட்டேன். பெரிய விஷயம் ஒன்றுமில்லை, ஆனால் இறங்கி வரும்போது ஏணியடியில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

இப்போது நீ கேட்ட கேள்வி. உன்னோடு பஸ்ஸில் போகும்போது, முன்சீட்டில் யாரோ இருவர் பேசுவதைக் கேட்பதற்காக நாம் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறோம். அப்போதெல்லாம் எரிச்சலாக வரும். இப்போது அந்த மாதிரி இன்னொரு தடவை தாண்டிப் போனால் தேவலை என்று இருக்கிறது. ஒரு சொல் கிடைத்துவிட்டால் உன் முகம் எப்படி ஆகும் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். இந்தச் சொல்லில் கத்தி விழுந்தால் அந்த முகம் எப்படி ஆகும் என்றும் தெரியும்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் வாயில் இருந்த ஒரு பேச்சு அச்சில் வரும் என்றால் வரட்டும். அதற்கு நான் வெளி ஆளாக இருக்க வேண்டும் என்றால் இருந்துவிட்டுப் போகிறேன். நீ பொய் எழுத மாட்டாய். அதனால் அதை உண்மையாகவே ஆக்கி அனுப்புகிறேன். வக்கீல் தாளில் என் கையெழுத்தைப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பக்கத்தில் உனக்கு இடம் விட்டிருக்கிறது. போட்டுவிட்டு, கட்டத்தில் வெளி ஆள் என்று தைரியமாக எழுது.

இந்தத் தடவை நிஜமாகவே கோபத்தில் எழுதவில்லை. உனக்குக் கொடுக்க என்னிடம் இதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. நகை வாங்கிக் கொடுத்தபோதெல்லாம் ‘எதுக்கு வீணா’ என்றுதான் கேட்டாய். இதை அப்படிக் கேட்க மாட்டாய் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடை மூடியிருக்கிறது. உன் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு படிக்கிறேன். நீ திட்டும் இடங்களை இரண்டு தடவை படிக்கிறேன். இதைப் புலம்பல் என்று நினைத்தால் நினைத்துக்கொள். எந்தப் பொருளில் என்று நீயே முடிவு செய்துகொள்.

கிரேன்


மே 10
வீடு

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

தாள் வந்தது.

உங்களைப் போல ஒரு ஆளை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஊரில் எல்லோரும் சண்டை போட்டுப் பிரிகிறார்கள். மனைவியின் எடுத்துக்காட்டு வாக்கியம் செல்லுபடியாக வேண்டும் என்பதற்காக விவாகரத்துத் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறவர் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். படித்துவிட்டு முதலில் சிரித்தேன். பிறகு சமையலறைக்குப் போய், மாடிவீட்டுக்காரருக்குக் கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். புது வாஷர் நன்றாக வேலை செய்கிறது.

இன்று காலை அலுவலகத்துக்குப் போனதும் அந்தக் கட்டத்தை நிரப்பினேன். ‘கணவர்’ என்று எழுதினேன். எழுத்து கொஞ்சம் பெரிதாகிவிட்டது, கட்டத்தைத் தாண்டிப் போய்விட்டது. பதிப்பாசிரியர் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"யோசிச்சுத்தான் எழுதினீங்களா?"

"இதுக்கு யோசிக்கணுமா சார்?"

"நல்ல வாக்கியம்மா. இந்த மாதிரி ஒன்னு இனிமே கிடைக்காது."

"தெரியும் சார்."

செல்லாத சீட்டுகளைப் போட்டு வைக்கும் அட்டைப்பெட்டியில் அதைப் போட்டார். போட்டுவிட்டு, மேசையை ஒரு தட்டுத் தட்டினார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

ஆக, புதுப் பதிப்பில் ‘புலம்பு’ என்ற சொல்லுக்குக் கீழே, தனிமை என்ற பொருளின் பக்கத்தில் கத்தி விழுந்துவிட்டது. அத்தையிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பேச்சு அச்சில் இல்லை. வீட்டில் இருக்கட்டும். கொடியில் ஒற்றைச் சட்டை காய்ந்தால் இனி நான் சொல்கிறேன்.

உங்கள் தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. எங்கள் அலுவலக வழக்கம் உங்களுக்குத் தெரியும். எட்டாக வெட்டிவிட்டேன். உங்கள் கையெழுத்து ஒரு சீட்டில் பாதியும் இன்னொன்றில் பாதியுமாக வந்திருக்கிறது. எதிர்மேசைக்காரி ‘பூ’ ஆரம்பித்திருக்கிறாள், அவளிடம் கொடுத்தேன். திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் டிராயரில் வைத்துக்கொண்டாள். ‘பிரிவு’ எழுதியவள் அல்லவா, புரிந்திருக்கும்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று, எத்தனை நாள் என்ற இடத்தை மட்டும் நிரப்பவில்லை. நீங்கள் மாற்றல் கேட்பதா, கிடைக்கும்வரை நான் அந்த இரும்புக் கடைக்கு மேலே இருப்பதா என்பதை நேரில் பேசிக்கொள்வோம். மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்தால் வரட்டும். நாலாவதையும் பேசுவோம்.

எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. உங்களுக்குச் சிரமம் ஒன்றும் வேண்டாம், சிக்னல்காரரிடம் ரேடியோவில் சொன்ன அந்த ஒரு சொல்லை என்னிடமும் சொன்னால் போதும். நீங்கள் பேசும்போது நானும் கேட்பேன். சீட்டுக் கட்டை அலுவலக டிராயரிலேயே வைத்துப் பூட்டிவிட்டேன், சாவி எதிர்மேசைக்காரியிடம். பையில் இருப்பது மாற்றுத் துணியும் உங்கள் மழைக்கோட்டும்தான்.

அறை புலம்பிக் கிடக்கிறது என்று பிப்ரவரியில் எழுதினீர்கள். அதற்கு இதுதான் பதில். சாப்பாட்டுக் கடையில் வெள்ளிக்கிழமை இரண்டு இலை போடச் சொல்லுங்கள். அறைக்கு வந்ததும், உங்கள் செருப்புக்குப் பக்கத்தில் என் செருப்பைச் சத்தமாகத்தான் கழற்றிப் போடுவேன்.

இப்படிக்கு,
எங்கும் செல்லாத
உங்கள் வீட்டு வாய்